வக்கீல் சங்கத்தில் சேர்ந்தால் படிப்பு வளருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மன்னார்குடியில் கிரிமினல் பக்கம் பார்க்கும் ஒரு சீனியரிடம் இரண்டு வருடமாக ஜூனியராக இருக்கிறீர்கள். ஊர் வக்கீல் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். அதே சமயம், சந்தா கட்டினால் மாதம் இரண்டு வெபினார், வருடக் கடைசியில் சான்றிதழ் என்று ஓர் அகில இந்திய அமைப்பும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறது. கையில் இருக்கிற காசுக்கு ஒன்றில்தான் சேர முடியும். தொடர்ந்து படிக்க எது உதவும், இல்லை யூடியூபே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தாக் கணக்கு மட்டும் அல்ல இது. சீனியர் சொல்லித் தராததை வேறு யார் சொல்லித் தருவார்கள் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கும்பகோணத்தில் 26 வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். பெரும்பாலும் சிவில். சொத்துப் பாகம், குத்தகை, கோயில் நிலம், வாடகை என்று இந்த மண்ணுக்கே உரிய வழக்குக் கட்டுகள்தான் என் மேஜையில் இருக்கும். சங்கத்தில் இரண்டு முறை நூலகப் பொறுப்பும் பார்த்திருக்கிறேன். ஐகோர்ட்டில் தினசரி நிற்கிற ஆள் இல்லை, பெரிய கார்ப்பரேட் அலுவலகங்களின் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. அதனால் தாலுகா, மாவட்ட கோர்ட்டை நம்பிப் பிழைக்கிறவருக்குத்தான் என் கருத்து பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத சங்கதிகள். பார் கவுன்சில் வேறு, வக்கீல் சங்கம் வேறு. பார் கவுன்சில் 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு; அதில் பதிந்தால்தான் கறுப்புக் கோட்டு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாயையும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயையும் தாண்டக்கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் அப்படியல்ல. அது நாமே கூடி நடத்திக்கொள்வது. சேர்க்கைத் தொகையும் மாதச் சந்தாவும் ஊருக்கு ஊர் மாறும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘750-க்கு மேல் வாங்கக்கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே’ என்று பொருளாளரிடம் போய் நிற்காதீர்கள். எங்கள் சங்கத்தில் ஒரு ஜூனியர் நின்றார். பாவம், அன்று முழுக்க அவரைக் கிண்டல் செய்தார்கள்.

அடுத்தது, இந்தியாவில் வக்கீல் ஆன பிறகு வருடத்துக்கு இத்தனை மணி நேரம் படித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நமக்குப் பொதுவாக இல்லை. நியூயார்க்கில் பழகிய வக்கீல் இரண்டு வருடத்துக்கு 24 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். பிலிப்பைன்ஸில் மூன்று வருடத்துக்கு 36 மணி. இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற வகை வக்கீல்களுக்கு வருடம் 16 மணி என்று இருந்ததை 2016-இல் எடுத்துவிட்டார்கள். மணிக்கணக்கை விட்டுவிட்டு, உனக்கு என்ன தெரியவில்லையோ அதை நீயே கண்டுபிடித்துப் படி என்றார்கள். நமக்கு 2011 முதல் நடக்கும் அகில இந்திய பார் தேர்வு ஒன்றுதான். அதைத் தாண்டிவிட்டால் அறுபது வயது வரை புத்தகத்தைத் தொடாமலே காலம் தள்ளலாம். தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். மாநில பார் கவுன்சிலின் கடமைகளில் கருத்தரங்கு நடத்துவதையும் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சேர்த்திருக்கிறது. ஆனால் மன்னார்குடி கோர்ட்டில் வக்கீல்கள் கூடும் பார் ரூமுக்கு வந்து உங்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல யாரும் வரப்போவதில்லை. இதனால்தான் இங்கே சங்கத்துக்குக் கூடுதல் வேலை இருக்கிறது என்கிறேன். கட்டாயம் இல்லாத இடத்தில் பழக்கம்தான் படிக்கவைக்கும்; பழக்கம் தனி ஆளுக்குச் சீக்கிரம் விட்டுப்போகும்.

சான்றிதழ் விஷயத்தையும் பேசிவிடுவோம். அந்த வெபினார் சான்றிதழைக் காட்டி எந்தக் கோர்ட்டிலும் கூடுதலாக ஒரு வாய்தா கூட வாங்க முடியாது. நீங்கள் முன்சீப், அதாவது சிவில் ஜட்ஜ், தேர்வு எழுதும் எண்ணத்தில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிவில் ஜட்ஜ் பதவிக்கு மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்தது. அதற்கான சான்றை அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அதிகாரி தர வேண்டும்; அல்லது 10 வருடம் பழகிய வக்கீல் கொடுத்து, அதில் அந்த அதிகாரி மேலொப்பம் போட வேண்டும். சங்க அட்டையும் வெபினார் காகிதமும் அங்கே செல்லாது. ஆக, சான்றிதழுக்காக மட்டும் பணம் கட்டுவதாக இருந்தால் வேண்டாம். அந்தப் பணத்துக்குப் புதிய கிரிமினல் சட்டங்களின் தமிழ்நாட்டுத் திருத்தங்களோடு கூடிய நல்ல பதிப்பு ஒன்றை வாங்குங்கள்.

சரி, சங்கத்தில் என்னதான் கிடைக்கும்? ஒரு மாலையைச் சொல்கிறேன். 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய கிரிமினல் சட்டங்கள் மூன்றும் அமலுக்கு வந்த பிறகு எங்கள் பார் ரூமில் வியாழக்கிழமை தோறும் ஐந்தரை மணிக்குப் படிப்பு வட்டம் என்று வைத்தோம். ஒரு நாள் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு; மின்னணு ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பது பற்றியது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி தான் அது, ஆனால் அதற்கான சான்றிதழுக்கு இப்போது சட்டத்தின் அட்டவணையில் தனிப் படிவமே இருக்கிறது. ‘அ’ பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்கிறவர் நிரப்ப வேண்டும், ‘ஆ’ பகுதியை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். ஹாஷ் என்றால் என்ன என்று கேட்டதும் முப்பது வருட சீனியர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். போன வருடம்தான் பதிந்த ஒரு பையன் தன் லேப்டாப்பைத் திறந்து, ஒரு வரி மட்டும் உள்ள ஃபைலுக்கு ஹாஷ் எடுத்துக் காட்டினான். நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு கோவை வந்தது; அதுதான் ஹாஷ், அந்த ஃபைலுக்கு ஒரு கைரேகை மாதிரி. அப்புறம் அந்த வரியின் கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எடுத்தான். கோவை தலைகீழாக மாறிவிட்டது. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி ஒரு சீனியர் எழுந்து, ‘அப்ப சிசிடிவி பதிவில் ஒரு விநாடி வெட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும்’ என்றார். உடனே இன்னொருவர், ‘கடைக்காரர் பென் டிரைவில் ஏற்றும்போதே ஹாஷ் எடுக்கவில்லை என்றால், வெட்டியது கடைக்காரரா போலீஸா என்று எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டார். அந்தக் கேள்விதான் குறுக்கு விசாரணை. அந்த ‘ஆ’ பகுதியில் கையெழுத்துப் போடும் நிபுணர் யார், அரசு அறிவித்த பரிசோதகர்தானா, கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் போடலாமா என்பதில் அன்று ஒன்றரை மணி நேரம் சண்டை. முடிவு வரவில்லை. ஆனால் எந்த இடத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது, எந்த இடத்தில் இழுபறி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹாஷ் என்றால் என்ன என்பதை வெபினாரிலும் சொல்லித் தருவார்கள். அந்தக் கடைக்காரர் கேள்வி மட்டும் அதில் வராது.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதே வருடம் ஆகஸ்டில் பழைய கட்சிக்காரர் ஒருவரின் மகனுக்கு முன்ஜாமீன் போட வேண்டி வந்தது. நான் கிரிமினல் பக்கம் அபூர்வமாகத்தான் போவேன். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பிரிவு ஒப்பீட்டு அட்டவணையை நம்பி மனுவில் எண் போட்டேன். மனு திரும்பி வந்தது. முன்ஜாமீனுக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438, புதிய நடைமுறைச் சட்டத்தில் இப்போது 482. பழைய 482, அதாவது ஐகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம், இப்போது 528. அட்டவணை தயாரித்த புண்ணியவான் இரண்டையும் கலக்கியிருந்தார். அவரைச் சொல்லிப் பயனில்லை, சரிபார்க்காதது என் தப்பு. இதைவிட வேடிக்கை 144. ஊரில் 144 போட்டிருக்கிறார்கள் என்று நாம் காலங்காலமாகச் சொன்ன தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. 144 இப்போது ஜீவனாம்சம். எங்கள் பார் ரூம் சுவரில் அச்சடித்த ஒப்பீட்டு அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ அதில் நாலு இடத்தில் சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப் அட்டவணையை விட்டுவிட்டு அந்தச் சுவரைப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

உள்ளூர்ச் சங்கத்துக்கே நான் ஓட்டுப் போடுவதற்கு முக்கியக் காரணம் வேறு. நம் பக்கத்துச் சட்டம் நம் பக்கத்தில்தான் கிடைக்கும். 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பூமி இது. அப்புறம் 1955 சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969 குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் என்று அடுக்கடுக்காக வந்தன. இன்றைக்கும் டெல்டாவில் நிலத் தகராறு என்று ஒருவர் படியேறினால், எதிராளி குத்தகைதாரரா, பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பதிவேட்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் ரெவின்யூ அதிகாரி முன்னால். அந்தச் சங்கதிகளில் சிவில் கோர்ட்டின் கையை அந்த 1969 சட்டத்தின் 16-ஏ பிரிவு கட்டிப் போடுகிறது. இது தெரியாமல் நேராக முன்சீப் கோர்ட்டில் தடையாணை கேட்டுப் போட்டு, ரெண்டு மூன்று வருடம் கழித்து அதிகார வரம்பில் அடிபட்ட வழக்குகளை எண்ணிக்கொண்டே போகலாம். கோயில் நிலமும் அப்படித்தான். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். பெரிய நகரத்துப் பேச்சாளர் இதை அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டுப் போவார். எந்தக் கோயில் குத்தகைச் சீட்டில் என்ன வார்த்தை போடுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லப்போவது பார் ரூமில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்.

அளவுகளையும் பாருங்கள். ஒரு ஜூனியர் பழைய பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். ‘நஞ்சை 3 மா 40 குழி’ என்று இருந்தது. இணையத்தில் ஏதோ கணக்கைப் பார்த்து ஏக்கராக்கி, பிராதில் சொத்து விவரத்தையும் எழுதிவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எழுபத்தைந்து வயது இருக்கும், கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: ‘நம்ம பக்கம் பன்னிரண்டடிக் கோல். கோலுக்குக் கோல் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மாவுக்கு 33 சென்ட் போடு.’ ஜூனியர் கணக்குப் போட்டார். 340 குழி, 48,960 சதுர அடி, ஏறக்குறைய ஒரு ஏக்கர் 12 சென்ட். அவர் பிராதில் எழுதியிருந்தது இதற்குக் கிட்டத்தில்கூட இல்லை. குழியின் அளவு பக்கத்துக்குப் பக்கம் மாறும், ஆகவே புல வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பதையும் அந்தப் பெரியவரே சேர்த்துச் சொன்னார். இதற்கு எந்தச் சான்றிதழ் வகுப்பில் சேர்வீர்கள்?

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையான, ஐகோர்ட் வருவதற்கு முன்பிருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் தீர்ப்பு என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும் என்ற அக்கறை அது. நம் படிப்பு வட்டங்களில் இன்றும் பேச்செல்லாம் பாதி இங்கிலீஷ். சாட்சி பேசுவதோ தமிழ். சாட்சியின் ‘இருந்துச்சு போல’ என்பதை வாக்குமூலத்தில் ‘இருந்தது’ என்று எழுதிவிட்டால் வழக்கே மாறிவிடும். இதைப் பற்றி ஒரு கூட்டம் போடச் சொல்லி நான் பத்து வருடமாகக் கேட்கிறேன். யாராவது கேட்டால் நீங்களும் சொல்லுங்கள்.

ஒரு பூகோளக் குறிப்பு. நீங்கள் மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம். உங்கள் மேல்முறையீடு சென்னை ஐகோர்ட்டுக்குப் போகும். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் எங்கள் கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் 2004 முதல் மதுரைக் கிளை. சட்டம் ஒன்றுதான், ஐகோர்ட்டும் ஒன்றுதான். ஆனால் எங்கள் கூட்டங்களுக்கு மதுரை சீனியர்கள் வருவார்கள், உங்கள் பக்கத்துக்குச் சென்னை சீனியர்கள். கட்டு கொடுத்து அனுப்பவும், ஒரு சந்தேகம் என்றால் போன் போடவும், இப்படிக் கூட்டத்தில் பழகிய முகம்தான் பிற்காலத்தில் உதவும். அதனால் பக்கத்து மாவட்டம் பெரிய சங்கம் என்று அங்கே ஓடாமல், உங்கள் கோர்ட் சங்கத்திலேயே சேருங்கள்.

இனி கசப்பான பக்கம். சேர்ந்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் முதலில் உறுப்பினரான சங்கத்தின் பெயர் வேண்டாம். அங்கே பழைய மெட்ராஸ் லா ஜர்னல் தீர்ப்புத் தொகுப்புகள் ஒரு தேக்கு அலமாரி நிறைய இருந்தன. நாலு வருடம் அது திறக்கவே இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் இரண்டு கோஷ்டிகளுக்கு இடையே தகராறு. தேர்தல் வருடம் வந்தால் எட்டு மாதம் கருத்தரங்கு கிடையாது, பிரியாணி உண்டு. புறக்கணிப்பு இன்னொரு தொல்லை. வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் சங்கம் தீர்மானம் போட்டால் ஜூனியர் மட்டும் தனியாக உள்ளே போய் ஆஜராவது கஷ்டம். அந்த நாட்களில் உங்கள் பயிற்சி போய்விடும். பெண் ஜூனியர்களுக்கு மேலும் ஒரு சிக்கல். நீங்கள் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவதாக எழுதியிருக்கிறீர்கள். படிப்பு வட்டம் ஏழு மணி வரை இழுத்தால் கடைசிப் பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் இதைச் சொன்ன பிறகு, மாதத்தில் இரண்டு கூட்டங்களை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். கூட்டம் குறைந்தது, ஆனால் வந்தவர்கள் படித்துவிட்டு வந்தார்கள்.

இதுவரை சொன்னதில் சட்டமும் எண்ணும் உறுதியானவை. உள்ளூர்ச் சங்கம்தான் உயர்வு என்பது என் அனுபவத்தில் வந்த கருத்து. மாற்றுக் கருத்துக்கு நியாயம் இருக்கிறது. வரிச் சட்டம், காப்புரிமை, கம்பெனிச் சட்டம் என்று போக நினைப்பவருக்கு டெல்டா பார் ரூமில் சொல்லித் தர ஆள் கிடைப்பது அபூர்வம். அவர் வெபினாருக்கே போகட்டும். சமரசத்தில் (மீடியேஷன்) ஆர்வம் இருந்தால் 40 மணி நேரப் பயிற்சி என்று முறையாக நடத்துகிறார்கள். அதைச் சங்கத்தின் சாயங்காலப் பேச்சு ஈடுகட்டாது. இன்னும் ஒரு வருடம் போனால் உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிடும், அப்போது இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவின் பேனல் வக்கீலாக விண்ணப்பிக்கலாம். அங்கே பயிற்சியும் உண்டு, கேஸும் கையில் வரும். என்னைக் கேட்டால் கிரிமினல் பக்கம் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. யூடியூப்பையும் நான் ஒதுக்கவில்லை. ஈ-ஃபைலிங்கை நானே அதில் பார்த்துத்தான் கற்றேன், இடையில் நாலு முறை நிறுத்தி நிறுத்தி.

ஆக, உள்ளூர்ச் சங்கத்தில் சேருங்கள், அந்த அகில இந்தியச் சந்தாவை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஒரு பிரிவை எடுத்து இருபது நிமிடம் பேசுவதாகப் பெயர் கொடுங்கள். பேச ஒப்புக்கொண்டால் படித்தே ஆக வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்தப் பத்துப் பேர் எழுந்திருப்பார்கள், அந்தத் திருத்தம் மறக்காது. ஜீவனாம்சத்தை எடுங்கள், 144-ஐ வைத்து ஆரம்பித்தால் முதல் நிமிடத்திலேயே சிரிப்பு கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு சாயங்காலம் சும்மா பார் ரூமில் உட்கார்ந்து பாருங்கள். போன வருடம் எத்தனை கூட்டம் நடந்தது என்று செயலாளரிடம் கேட்காதீர்கள், ‘நிறைய’ என்பார். நூலக அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று குமாஸ்தா யாரிடமாவது கேளுங்கள். அவர் யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டினால் அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிவிடலாம்.